கேளுங்க சொல்றேன்: பழைய தெரு போட்டோவுக்கு கலர் போடலாமா?

கேள்வி: தாத்தா எடுத்த தெரு போட்டோ ஒண்ணு கிடைச்சுது. ஒரு ஆப்ல போட்டேன், பத்தே செகண்ட்ல கலர் ஆயிடுச்சு. அந்தக் கலர்லாம் நிஜம்தானா சார்?

பதில்: நிஜம் இல்லம்மா, ஊகம். கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல பதிஞ்சது வெளிச்சம் மட்டும்தான், கலர் அன்னிக்கே போயிடுச்சு. ஒரே அளவு அடர்த்தியா இருக்கற ஒரு செகப்புத் துணி, ஒரு பச்சைத் துணி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போன்ல எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலா நிக்கும். அதை வீட்ல இன்னொருத்தர்கிட்ட காட்டி எது செகப்புன்னு கேட்டா முழிப்பாங்க. ஆப்போட நிலைமையும் அதேதான். லட்சக்கணக்கான கலர் போட்டோவ கறுப்பு வெள்ளையாக்கிப் பாத்துப் பாத்து பழகினது அது, படத்தோட வெளிச்சத்த அப்படியே வச்சுக்கிட்டு கலர மட்டும் கணிச்சு மேல பூசும். மரம், புல்லுல பெரும்பாலும் சரியா வந்துடும். கதவு, வண்டி, சட்டைன்னு வந்தா எந்தக் கலர் வேணா இருக்கலாம்ல, அதனால எதுலயும் ரொம்பத் தப்பாயிடாம நடுவாந்தரமா ஒரு பழுப்பப் போட்டு விட்டுடும். எந்த ஊர் படத்த குடுத்தாலும் ஒரே மாதிரி மங்கலா வர்றது இதனாலதான்.

கேள்வி: 1900 வாக்குல எடுத்த படங்கள்ல வானம் வெறும் வெள்ளையா இருக்கே, அன்னிக்கு மேகமே இல்லையா?

பதில்: மேகம் இருந்திருக்கும், அப்போ படம் பதிஞ்ச கண்ணாடித் தகடு, அதாவது பிளேட்டுக்குத்தான் தெரியல. ஆரம்பகால பிளேட் நீலத்த மட்டும்தான் நல்லா வாங்கும். 1873ல ஹெர்மன் ஃபோகல்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் சாயம் சேத்து பச்சையையும் பதிய வச்சாரு, அதுலேர்ந்து வந்ததுதான் ஆர்த்தோகுரோமாட்டிக். செகப்பு அதுக்கும் தெரியாது. செகப்பு விளக்க போட்டுக்கிட்டே அந்த பிளேட்ட கழுவ முடிஞ்சதுன்னா பாத்துக்கோங்க. எல்லா கலரும் பதியற பான்குரோமாட்டிக் பிளேட் 1906 வாக்குலதான் விற்பனைக்கு வந்துச்சு, அப்புறமும் பழசு ரொம்ப வருஷம் ஓடுச்சு. அதனால அந்தப் படங்கள்ல நீலம் வெளுத்து வெள்ளையாயிடும், செகப்பு கிட்டத்தட்ட கறுப்பாயிடும், ஆளுங்க முகம்கூட இருந்ததவிட கருத்துத்தான் விழும்.

நானே இதுல ஏமாந்திருக்கேன். ஒரு கடைத்தெரு படத்துல நடுவுல இருந்த பெரிய கதவு கரேல்னு இருந்துச்சு, தார் பூசின மரம்னு நெனச்சு கறுப்பாவே விட்டுட்டேன். அந்தத் தெருவுலயே வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் பாத்துட்டு, "அது நல்ல செகப்புப்பா, அந்தச் செகப்புக் கதவ வச்சுத்தான் எல்லாருக்கும் வழி சொல்லுவோம்"னாரு. திரும்ப உக்காந்து வெறும் செகப்ப மட்டும் மேல பூசினா காஞ்ச ரத்தம் மாதிரி வந்துச்சு, ஏன்னா அடியில இருக்கற சாம்பலே பொய்யான சாம்பல். அந்தக் கதவ மட்டும் தனியா செலக்ட் பண்ணி வெளிச்சத்த ஏத்தின அப்புறம்தான் கதவு கதவாச்சு.

கேள்வி: அப்போ சரியான கலர எங்க தேடறது?

பதில்: முதல்ல படம் எந்த வருஷம்னு பிடிங்க, அது இல்லாம ஒண்ணும் நகராது. நியூயார்க் சுதந்திர தேவி சிலை 1886ல திறந்தப்போ செம்பு நிறம், பச்சைப் பூத்தது அப்புறம் பல வருஷம் கழிச்சு, ஆனா திறப்புவிழா படத்துலயே பச்சைய பூசி வச்சிருக்கறத பாக்கறோம். ஈஃபில் டவர் 1889ல செங்காவி, 1899ல அடியில ஆரஞ்சு கலந்த மஞ்சள்ல ஆரம்பிச்சு மேல போகப் போக வெளிர் மஞ்சள், 1968ல ஒரு தனிப் பழுப்பு வந்துச்சு. ஒரே டவருக்கு எத்தன கலர் பாருங்க, அப்போ சாதாரண வீட்டுச் சுவரு எத்தன தடவ மாறியிருக்கும்!

கட்டடம் இன்னும் நிக்குதுன்னா கீல் மடிப்புலயோ ஜன்னல் சட்டத்தோட உள்பக்கமோ பாருங்க, மேல் பெயின்ட் உரிஞ்ச இடத்துல பழைய பூச்சு அடுக்கடுக்கா தெரியும். அன்னிக்கே கலர்ல எடுத்த படங்களும் இருக்கு, 1907ல பிரான்ஸ் நாட்டு லூமியேர் சகோதரர்கள் கலர்லயே படம் பதியற ஆட்டோகுரோம் பிளேட்ட விற்பனைக்கு கொண்டுவந்தாங்க, ஆல்பர்ட் கான்னு ஒரு பிரெஞ்சு வங்கியாளர் 1909லேர்ந்து 1931 வரைக்கும் தன் காசுல ஆள அனுப்பி உலகம் பூரா எடுக்க வச்ச ஆட்டோகுரோம் மட்டும் சுமார் 72,000 இருக்கு. உங்க ஊர் அதுல இல்லன்னாலும் அந்தக் காலத்துத் துணி, வண்டி, விளம்பரப் பலகை எந்தச் சாயத்துல இருந்துச்சுன்னு கண்ணு பழகும். பழைய கலர் போஸ்ட்கார்டத்தான் நம்பாதீங்க, அதுல நிறைய கறுப்பு வெள்ளை படத்துக்கு எங்கயோ தூரத்து அச்சகத்துல அந்த ஊரப் பாக்காதவங்க போட்ட கலர்.

கேள்வி: கலர் போடறதே வரலாற்றக் கெடுக்கற வேலைன்னு என் பொண்ணு சண்டை போடறா. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: பாதி உங்க பொண்ணு பக்கம்தான் நான். கலர் போட்ட படத்த சின்னப் பசங்க நின்னு பாக்கறாங்க, "இந்தத் தெருவா இது"ன்னு கேக்கறாங்க, எனக்கு அது பெரிய விஷயம். என்னால பொறுக்க முடியாதது வேற. இப்போ வர்ற ஆப்புங்க கலரோட நிக்காம மங்கலான முகத்த கூர்மையாக்கறேன்னு சொல்லி புதுசா ஒரு கண்ணு, புதுசா ஒரு மூக்கு வச்சுடுது. தெரு ஓரத்துல நின்னவரு யாரோ ஒருத்தரோட தாத்தா, அவர எடுத்துட்டு இல்லாத ஆள நிறுத்தறது ரொம்ப தப்பு. அந்த ஆப்ஷன கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க.

ஸ்கேன் பண்ணின ஒரிஜினல் ஃபைல்ல கைய வைக்காதீங்க, காப்பிலதான் வேலை. கலர் படத்தோட ஓரத்துலயே "பின்னாள்ல கலர் போட்டது"ன்னு எழுத்து வர்ற மாதிரி வச்சுடுங்க, தனியா கேப்ஷன்ல போட்டா ரெண்டாவது ஃபார்வர்டுலயே காணாமப் போயிடும். கதவு செகப்பு, பெரியவர் சொன்னது, சட்டை நீலம், என் ஊகம், இப்படி எது தெரிஞ்சது எது ஊகம்னு பிரிச்சு ஒரு தாள்ல எழுதி அந்தப் பழைய போட்டோவோடயே வைங்க. பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஊறி படத்துல இறங்கிடும்.