கவுன்சலரிடம் செல்லும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு அம்மா காலமானார். அதன்பின் தூக்கம் சரியில்லை. வகுப்பில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்துவிழுகிறேன், வீட்டுக்கு வந்து அழுகிறேன். மருத்துவர் ரத்தம், தைராய்டு எல்லாம் பரிசோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, ஒரு கவுன்சலரைப் பாருங்கள் என்றார். குன்னூரில் தனியாக ஆலோசனை வழங்கும் ஒரு பெண்மணியின் எண் கிடைத்தது. இன்னும் அழைக்கவில்லை. நீங்கள் ஒரு காலத்தில் ஆலோசனைக்குச் சென்றதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன். அங்கே என்ன கேட்பார்கள்? எத்தனை நாள் போக வேண்டியிருக்கும்? என் மாணவர்களின் பெற்றோர் இல்லாத தெருவே இங்கு இல்லை. பேசியது வெளியே வராது என்று எப்படி நம்புவது? பள்ளியில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

பெயர் வேண்டாம்,
கோத்தகிரி.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மருத்துவர் முதலில் தைராய்டைப் பார்த்தது நல்லது. தைராய்டுக் குறைபாடும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டக்கூடியவை.

அந்த எண்ணை அழைக்கும்போது, நேரம் கேட்பதற்கு முன்பே அவருடைய படிப்பையும் அனுபவத்தையும் கேட்டுவிடுங்கள். நம் நாட்டில் ‘கவுன்சலர்’ என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்வதற்குப் பெரிய தடை எதுவும் இருந்ததில்லை. மருத்துவ உளவியலாளர் எனில் அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து ஆலோசகராக இருப்பவர்களில் மிகத் திறமையானவர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கு அப்படியொரு எண் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதால், எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் பணியாற்றினார் என்று கேட்பதுதான் வழி. மாத்திரை எழுதித்தரும் அதிகாரம் மனநல மருத்துவர் போன்ற மருத்துவர்களுக்கே உண்டு, ஆலோசகருக்கு இல்லை. இருக்கிற மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

முதல் அமர்வு பெரும்பாலும் நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நீளும். சினிமாவில் வரும் சாய்வுப் படுக்கையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார். பிறகு தூக்கம், பசி, குடும்பம், பழைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் என்று கேள்விகள் வரும். அம்மா இறந்த தேதியைக் கேட்கக்கூடும். நீடித்த துயரத்தை ஒரு நோய்நிலையாகக் கருத உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட கையேடு ஓராண்டையும் எல்லையாக வைத்திருக்கின்றன. இந்தக் கணக்கை நீங்களே உங்கள்மீது போட்டுப் பார்க்க வேண்டாம். நாட்களோடு இன்னும் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிப்பார்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் நிரப்பச் சொல்லலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய அந்தத் தாளில் கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி அது. கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் நாள் முடிந்து எழும்போது ஏமாற்றமாக இருக்கலாம். இவ்வளவு சொன்னோம், அவர் ஒரு வழியும் சொல்லவில்லையே என்று தோன்றும். நம் பெரியவர்களிடம் போனால் உடனே ஒரு யோசனை கிடைத்துவிடும். ஆலோசகரோ தொடக்க வாரங்களில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். மூடிவைத்திருந்ததைத் திறப்பதனால் முதல் சில அமர்வுகளுக்குப் பின் துக்கம் கூடியதுபோலக்கூட இருக்கும். அன்று மாலை விடைத்தாள் திருத்தும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை நாள் என்பதற்கு ஒரே விடை இல்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கப் பழக்கும் சிபிடி எனப்படும் முறையில் வாரம் ஒன்றாக ஆறு முதல் இருபது அமர்வுகள் என்பது பொதுவான வழக்கம். துயரத்துக்கான ஆலோசனை அதைவிடச் சுருக்கமாகவும் முடியும், நீளவும் கூடும். மூன்றாவது நான்காவது அமர்வில், நாம் எதை நோக்கிப் போகிறோம், அதை எப்படி அறிந்துகொள்வோம் என்று நீங்களே கேட்கலாம். கட்டணத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்பியிருக்க வேண்டாம். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் வெளிநோயாளி ஆலோசனைக்குப் பணம் தருவதில்லை. வராமல் போன அமர்வுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் பேசிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து சாலை அடைபடும் மலையில் இருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் காணொளி வழியாகப் பேச முடியுமா என்று முன்பே அறிந்துவைப்பது நல்லது.

ரகசியம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் செய்திகள் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்குகிறது. ஆலோசகரின் தொழில் அறமும் அதுவே. விலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து எனும்போது, நீதிமன்றம் கேட்கும்போது, குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவரும்போது. கடைசியாகச் சொன்னதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அனைவருக்கும் கடமை என்பது ஆசிரியையான உங்களுக்குத் தெரிந்ததே. இந்த விலக்குகளை முதல் அமர்விலேயே தாமாகச் சொல்லாத ஆலோசகரை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

ஆனால் சட்டம் எட்டாத இடங்கள் மலையூர்களில் அதிகம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் சுற்றுவட்டாரமே கூடும் ஊர்கள் இவை. குன்னூரின் பெட்போர்டு பகுதியிலோ மார்க்கெட்டிலோ ஆலோசகர் எதிரே வந்தால் என்ன செய்வது? நீங்களாக வணங்காதவரை தாமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்துசெல்வதே நல்ல ஆலோசகர்களின் வழக்கம். உங்கள் விருப்பம் எது என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அடுத்தடுத்து வருவோர் வாசலில் சந்தித்துக்கொள்ளாதபடி இடைவெளி விடுகிறாரா என்று கேளுங்கள். அவருடைய பிள்ளை உங்கள் பள்ளியில் படித்தாலோ, உங்கள் கணவர் வீட்டாருக்கு அவர் உறவாக இருந்தாலோ, அதை மறைக்காமல் பேசி வேறொருவரிடம் அனுப்பச் சொல்வதே இருவருக்கும் நல்லது. காணொளியில் கோயம்புத்தூர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். செய்யலாம்தான், அடுத்த அறையில் மாமியார் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில், எந்த மூலையில் அமர்ந்து பேசுவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். படித்தவர் முன், அதிலும் மருத்துவர் போன்ற ஒருவர் முன், நாம் தலையாட்டிப் பழகியவர்கள். “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், அவர் மனம் நோகக்கூடாதே என்று “பரவாயில்லை மேடம்” என்போம், அவர் சொன்ன பயிற்சியை வீட்டில் செய்யாமலேயே செய்தேன் என்போம், பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவோம். வேறு எங்கும் நற்பண்பாக இருக்கிற இந்த இங்கிதம் அந்த அறையில் வேலையைக் கெடுக்கிறது. ஆலோசனையின் பலன், கையாளப்படும் முறையைப் போலவே இருவருக்கும் இடையிலான உறவையும் பொறுத்தது என்று இத்துறை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் அந்த உறவை, நோக்கத்தில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்குமான பிணைப்பு என மூன்றாகப் பிரித்துக் காட்டினார். முதல் இரண்டும் நீங்கள் வாய் திறக்காமல் அமையாது. “நீங்கள் போன வாரம் சொன்னது எனக்கு உறுத்தியது” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் அதைக் கேட்டு, மேலும் விசாரித்தால் தொடருங்கள். சினந்தால், அல்லது ஜாதகம் பார்க்கச் சொன்னால், வேறொரு வாடிக்கையாளரின் கதையை ஆள் தெரியும்படி சொன்னால், விலகிவிடுங்கள். விலகுவதற்குக் காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

குன்னூர் ஆலோசகர் ஒத்துவராவிட்டால் அரசின் வழியும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை உதகை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றி அழைக்கலாம். இரவில் தூக்கமின்றி எண்ணங்கள் எல்லை மீறினால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.

பள்ளியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சனிக்கிழமை கிடைத்தால் விடுப்பே தேவைப்படாது. வேலைநாள்தான் கிடைத்தது என்றால், மருத்துவர் சொன்னபடி சிகிச்சைக்குச் செல்கிறேன் என்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுதுங்கள், அது உண்மையே. எந்தச் சிகிச்சை என்று தலைமையாசிரியர் கேட்டால், சொல்ல விருப்பமில்லை என்று சொல்லலாம்.

அன்புடன்.