தொண்டு நிறுவனங்களின் எதிர்காலம் பற்றிய விவாதத்தை எப்படித் தொடங்குவது?

"எங்கள் அறக்கட்டளையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"எதிர்காலம்" என்று பொதுவாகக் கேட்டால் ஆசைகள்தான் பதிலாக வரும். கணக்கிலிருந்து தொடங்குங்கள். கடந்த 3 ஆண்டு வரவை வெளிநாட்டு நிதி, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் சிஎஸ்ஆர் நிதி, தனிநபர் நன்கொடை என்று பிரித்து ஒரே தாளில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கேள்வி ஒன்றே போதும்: "வரும் ஏப்ரலில் பெரிய நிதி நின்றால் எந்த வேலையை முதலில் நிறுத்துவோம்?"

இது வெறும் கற்பனை இல்லை. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம், அந்த நிதியிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வாங்கிய நிதியை வேறு அமைப்புக்குக் கொடுப்பதையும் தடுத்தது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த கிராமத்துச் சிறு குழுக்களுக்குத்தான் பலத்த அடி.

கூட்டத்துக்கு 12 பேர், 2 மணி நேரம் போதும். களப்பணியாளர்கள் முதலில் பேசட்டும்; நிர்வாக அறங்காவலர் கடைசியில். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. நிதி தருபவரை அன்று அழைக்க வேண்டாம், அவர் முன்னால் குறைகளை யாரும் சொல்லமாட்டார்கள். பயனாளிகள் இருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். மாற்றுக் கருத்துகளையும் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதுங்கள்.