ஓய்வு பெற்றபின் சேமிப்பு முழுவதையும் வைப்புத்தொகையில் போட்டுவிடலாமா?

முழுவதையும் போடுவது நல்லதன்று. முதலுக்கு மோசமில்லை என்று தோன்றினாலும், விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். 60 வயதில் போதுமானதாக இருந்த அதே வட்டி, மருத்துவச் செலவு கூடும் 72 வயதில் பாதிச் செலவுக்குத்தான் காணும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துக்கொண்டு, நெடுங்காலம் தேவைப்படாத ஒரு பகுதியை விலைவாசியை விஞ்சி வளர வாய்ப்புள்ள முதலீடுகளில் விட்டுவைக்கலாம். சந்தை சரிந்திருக்கும் ஆண்டில் அவற்றை நட்டத்துக்கு விற்றுச் சாப்பிட நேராமல் காப்பது அந்தக் கைக்காசுதான்.

கணக்குகள் எல்லாம் ஒருவர் பெயரிலேயே இருந்தால், அவர் நோயில் விழும்போது துணைவர் அன்றாடச் செலவுக்கே திண்டாடுவார். கூட்டுக் கணக்கையும் உயிலையும் தெளிவோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மணமுறிவுக்குப் பின்னும் பழைய நியமனதாரர் (கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தைப் பெறக் குறிக்கப்பட்டவர்) பெயரை மாற்றாமல் விடுவது, என் பார்வையில், மன்னிக்க முடியாத சோம்பல்.