முதல் பூச்சில் சொட்டு நீலம் எதற்கு? சிற்பத் துறை மாணவியின் பதில்கள்

(கும்பகோணத்தில் கவின்கலை இறுதியாண்டு படிக்கும் சிற்பத் துறை மாணவி ஒருவர், கலை வகுப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

என் மகள் சின்ன வயதிலிருந்தே அழகாக வரைவாள். பிளஸ் டூ முடித்ததும் ஓவியக் கல்லூரிதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வரையத் தெரிந்த பெண்ணுக்கு நான்கு வருடம் அப்படி என்ன சொல்லித் தருவார்கள்?
– ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, என் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. அப்பாவுக்கு நான் சொன்ன பதிலைவிட, முதல் வருடத்தில் எங்கள் முன்னால் வைத்த பொருட்களைச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். ஒரு பித்தளைச் சொம்பு, மடிப்பு விழுந்த வெள்ளைத் துணி, இரண்டு கத்தரிக்காய். வகுப்பில் இதை ஸ்டில் லைஃப் என்போம்.

சொம்பு என்றதுமே கை ஒரு சொம்பை வரைந்துவிடும். அது மனதுக்குள் ஏற்கெனவே இருக்கிற சொம்பு. எதிரே இருப்பது வேறு. அதன் வாய் வட்டமாகத் தெரியாது. நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு ஏற்பச் சப்பிய நீள்வட்டமாகத் தெரியும். நின்றுகொண்டு வரைகிறவருக்குக் கொஞ்சம் அகலமாகவும், தரையில் உட்கார்ந்தவருக்குக் கோடு மாதிரி ஒடுங்கியும் இருக்கும். சொம்பின் வயிற்றில் துணியின் வெள்ளை ஒரு கீற்றாக ஏறியிருக்கும். ஓரத்தில் கத்தரிக்காயின் ஊதா வளைந்து கிடக்கும். பித்தளை மினுங்குவதற்குக் காரணம் மஞ்சள் நிறம் இல்லை. மிக வெளிச்சமான புள்ளிக்குப் பக்கத்திலேயே மிக இருண்ட பட்டை ஒன்று நிற்கிறதே, அதுதான். வெறும் 6பி பென்சிலாலேயே (மென்மையாக, கருப்பாக விழும் பென்சில்) பித்தளையைப் பித்தளையாகக் காட்ட முடியும் என்று தெரிந்துகொண்ட நாளில்தான் நான் கல்லூரியில் சேர்ந்ததாகவே உணர்ந்தேன்.

அளவெடுப்பதும் அப்படித்தான். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் சொம்பின் அகலத்தைப் பிடிக்க வேண்டும். அதே அளவு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் கணக்கு பொய்யாகிவிடும். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் பின்னால் மூன்று வருடமும் நான் செய்தது எல்லாம் இந்த நீட்டிய கையின் மேல்தான் நிற்கிறது. உங்கள் மகள் அழகாக வரைவாள் என்றால் அவளுக்கு ஆசை இருக்கிறது, கை ஓடுகிறது என்று அர்த்தம். பார்க்கப் பழக்குவதற்குத்தான் கல்லூரி. தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

நான் வரையும் முகங்களில் கண் எப்போதும் மேலே போய்விடுகிறது. நெற்றியே இருப்பதில்லை. என்ன செய்வது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சிவகாசி

தம்பி, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நில். உச்சந்தலையிலிருந்து கண் வரை உள்ள தூரமும், கண்ணிலிருந்து தாடை நுனி வரை உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். கண் தலையின் நடுவில் இருக்கிறது! பேசும்போது நாம் கண்ணையும் வாயையும்தான் கவனிக்கிறோம். அதனால் கையும் அவற்றுக்கே இடத்தை எல்லாம் கொடுத்துவிடுகிறது. முதலில் முட்டை வடிவம் போட்டு, நடுவில் லேசாக ஒரு கோடு கிழித்துவிட்டு ஆரம்பி. நம் ஊர்ச் சிற்ப மரபு முகத்தை மூன்று சம பங்காக வைக்கும்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை. இந்த இரண்டு கணக்கும் கைக்குப் பழகிவிட்டால் உன் வகுப்பில் எல்லோரையும் வரைந்துவிடுவாய்.

இதுவரை செய்த ப்ராஜெக்டுகளில் உங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தது எது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மூன்றாம் ஆண்டில் செய்த தலைச்சிலை. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சிலையைவிடச் செய்முறைதான் பெரிய பாடம்.

மாடலாக உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர். முதலில் பலகையில் இரும்புக் குழாயை நிறுத்தி, மேலே கம்பியை வளைத்து ஒரு கூடு கட்டினோம். ஈர மண் கனமானது. வெறும் கம்பியில் அப்பினால் முகம் அப்படியே வழுக்கி இறங்கும். அதற்காக இரண்டு மரச்சில்லுகளைக் குறுக்காகக் கட்டிக் கூட்டுக்குள் தொங்கவிடுவோம். பட்டாம்பூச்சி என்று அதைச் சொல்வது வழக்கம். அதுதான் மண்ணை உள்ளிருந்து தாங்கும். தினமும் வேலை முடிந்ததும் ஈரத்துணி போர்த்தி, பாலிதீன் சுற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் மூக்கும் காதும் முதலில் காய்ந்து வெடிக்கும்.

பெரியவர் எந்நேரமும் இடப்பக்கம் வெற்றிலை அடக்கியிருப்பார். முன்பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துச் செய்தால் அது பல்வலி வந்த வீக்கம் மாதிரிதான் வரும். பீடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் வெளிக்கோட்டைச் சரிபார்த்து, காதுக்குக் கீழிருந்து தாடை எலும்பு ஓடும் வரியைப் பிடிக்க வேண்டும். எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்ததும் கன்னத்தின் மேடு தானாகவே வெற்றிலையாகிவிட்டது. அவரும் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு மட்டும்தாம்மா பாக்கி" என்றார்.

அடுத்தது அச்சு. மண் தலையின் நடுவே, காது வழியாக, மெல்லிய தகடுகளை வரிசையாகச் செருகி முன்பாதி பின்பாதி என்று பிரிக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் கரைக்க வேண்டும். தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தூவிய பவுடர் உடனே மூழ்காமல் மேலே திட்டுத் திட்டாக நிற்கத் தொடங்கும்போது நிறுத்தி, கையை அடியில் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து குமிழ் குமிழாகிவிடும்.

முதல் பூச்சுக்கு மட்டும் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலப்போம். அதன் மேல் வெள்ளைப் பூச்சு கனமாக ஏறும். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். இறுகிய பிறகு இரண்டு பாதியையும் பிரித்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த முகம் அந்த இடத்திலேயே போய்விடும். அப்புறம் அச்சைக் கழுவி, உள்ளே சோப்புக் கரைசல் தடவி, இரண்டையும் சேர்த்துக் கட்டிப் புதுப் பிளாஸ்டரை ஊற்றுவோம்.

கடைசியில் மழுங்கிய உளியால் அச்சை உடைத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். நீலம் வேலைக்கு வருவது அப்போதுதான். வெள்ளைச் சில்லுகள் தெறிக்கிற வரை தைரியமாகத் தட்டலாம். நீலம் தெரிந்துவிட்டால் அதற்கு அடுத்தது முகம். அங்கிருந்து கை நிதானமாகிவிடும். எந்த எச்சரிக்கைப் பலகையும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மதிப்பெண் போடுபவர்கள் முன்னால் நிற்பது அந்த வெள்ளைத் தலை ஒன்றுதான். மண் முகம் இல்லை, அச்சும் இல்லை. நான் கற்றுக்கொண்டது முக்கால்வாசி அந்தக் காணாமல்போன இரண்டில் இருக்கிறது. ஆண்டுக் கண்காட்சிகளில் சிலைக்குப் பக்கத்திலேயே கம்பிக்கூட்டையும் உடைந்த நீலச் சில்லுகளையும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள்.

பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது. அங்கே வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளிடம் பார்ப்பதற்கும் கல்லூரி வகுப்புக்கும் என்ன வித்தியாசம் உணர்கிறீர்கள்?
– ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், மயிலாடுதுறை

ஐயா, வணக்கம். பெரிய வித்தியாசம் அளவில் இருக்கிறது. வகுப்பில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்த்து அளவெடுப்போம். அங்கே எதிரே யாரும் இல்லை, ஒரு தென்னை ஓலைதான். சிலை எவ்வளவு உயரம் வர வேண்டுமோ அந்த நீளத்துக்கு ஓலையைக் கிழித்து, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். சிற்ப சாஸ்திரத்தில் உத்தம தசதாலம் என்ற அளவுக் கணக்கில் மொத்த உயரம் 124 அங்குலம். இது ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை, அந்தச் சிலையின் உயரத்தையே 124 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதனால் சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் விகிதம் மாறாது. தேவியின் சிலைக்கு 120 பங்கு.

தேன்மெழுகோடு குங்கிலியம் என்ற மரப்பிசினும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். விரல் இளகினால் தண்ணீரில் முக்கி எடுப்பது, ஒட்ட வேண்டிய இடத்தில் சூடான கம்பியால் தொடுவது என்று இரண்டுக்கும் நடுவில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த மெழுகுச் சிலையை எடை போடுகிறார்கள். அதைப்போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் தேவை. மெழுகைவிட வெண்கலம் அவ்வளவு கனம். முதல் பூச்சு காவிரி வண்டல். நகக்கண் வரைக்கும் அச்சில் பதிய அந்த மாவு போன்ற மண்தான் வேண்டும். அதன் மேல் மணல் கலந்த களிமண், கம்பிக் கட்டு. வறட்டித் தீயில் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறிய பிறகு அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அதே சிலை இன்னொரு முறை வராது. நாங்கள் பிளாஸ்டரில் செய்ததும் இதே தர்க்கம்தான். அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் நண்பர்களில் சிலர், "கணக்கு முழுக்க சாஸ்திரத்தில் இருக்கிறதே, இதில் கலைஞனுக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழங்கால் எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஓலை சொல்லும். அந்த முழங்காலில் நிற்கிறவரின் பாரம் இருக்கிறதா என்று ஓலை சொல்லாது. அது மெழுகைப் பிடித்திருக்கும் விரலுக்கு மட்டுமே தெரியும்.

போட்டோவைப் பார்த்து வரைவது தப்பா?
– வாசகர், ஈரோடு

தப்பு இல்லை. ஆனால் படிக்கிற காலத்தில் அதையே நம்பி இருக்கக் கூடாது என்பேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், காளையோடு நிற்கும் சிவன், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலம். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே வைத்து, வலது கையைக் காளையின் மேல் ஊன்றி நிற்கிறார். காளைதான் இன்று இல்லை. புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்தபோது அந்தக் கை சும்மா மடங்கிய கையாகத்தான் எனக்கு வந்தது. நேரில் போய், பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்தபோது இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்திருப்பதும், தோள் சற்றே ஏறியிருப்பதும், அந்த முன்கை எதன் மேலோ சாய்ந்திருக்கும் இதமும் தெரிந்தன. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தை முதலில் வரைந்தேன், உருவம் அதன் ஓரத்தில் தானாக வந்து நின்றது. காளையின் உயரம்கூட அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. கேமரா ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்க்கிறது. நமக்கு இரண்டு கண்ணும் நகரக் காலும் இருக்கின்றன.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, சேலம்

நிச்சயமான சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி ஓவிய ஆசிரியர், சினிமா செட், விளம்பரம், அனிமேஷன் நிறுவனங்களில் உருவ வடிவமைப்பு, கோயில் திருப்பணி என்று எங்கள் சீனியர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் தமிழ் இதழ்களின் முகத்தையே மாற்றின. அப்படி ஒரு வழியும் உண்டு. ஆனால் முதல் சில வருடம் சிரமம்தான். வீட்டில் கொஞ்சம் பொறுமை காட்டினால் பிள்ளைகள் காலூன்றிவிடுவார்கள்.

சென்னையில் குழந்தைகளுக்குக் காட்ட ஒரு நல்ல சிற்பம் சொல்லுங்களேன்.
– குடும்பத்தலைவி, குரோம்பேட்டை

மெரினாவின் உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். சிலை 1959-இல் திறக்கப்பட்டது. பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுப் போகாமல் இறங்கிச் சுற்றி வாருங்கள். நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள், நான்கு பேரின் முதுகும் ஒன்று போல இல்லை. தள்ளுகிற முதுகு வேறு, நெம்புகிற முதுகு வேறு. குழந்தைகளை அதே மாதிரி ஒரு சுவரைத் தள்ளச் சொல்லி, எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் அவர்கள் சிலையை விட்டு வர மாட்டார்கள்.

ஏழு வயதுப் பையனுக்கு என்ன வாங்கித் தரலாம்? கலரிங் புத்தகம் போதுமா?
– தாத்தா, காரைக்குடி

தாத்தா, கலரிங் புத்தகம் வேண்டாம். யாரோ போட்ட கோட்டுக்குள் அடங்கப் பழக்குவதுதான் அது. ஒரு 4பி பென்சில், பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கம், குயவரிடமிருந்து ஒரு உருண்டை மண், இவை போதும். மண்ணில் கல்லும் வேரும் இருந்தால் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஈரத்துணியில் சுற்றி மூடி போட்ட வாளியில் வைத்தால் வாரக்கணக்கில் காயாது. அவன் செய்கிற யானைக்குக் கால் ஒல்லியாக இருந்தால் திருத்தாதீர்கள். நிற்காமல் விழுந்தால் அவனே கெட்டியாக்கிக்கொள்வான்.