ஒரு படகுகூட இல்லாத கடல்

வணக்கம் ஐயா,

‘கடலோரத் துறவி’ ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தும் மனம் ஒட்டவில்லை. கீழே கொஞ்சம் மணல், கறுத்த கடல், மிச்சமெல்லாம் வானம். ஓரமாக எறும்பு மாதிரி ஓர் ஆள். ஒரு படகுகூட இல்லை. பாதியில் விட்ட படமா? என் மகளும் இப்படித்தான் கடற்கரையில் ஓர் ஆளை மட்டும் வரைந்து கொண்டுபோனாள். “நிறைய இடம் காலியாக் கிடக்கு, தென்னை மரம், படகு போடு” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குறைக்கு இருநூறு வயதாகிறது. 1809இல் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிஹ் இதை வரைந்துகொண்டிருந்தபோது, ஓவிய நண்பர் ஒருவரின் மனைவி போய்ப் பார்த்துவிட்டு, படகில்லை, கப்பலில்லை, ஒரு கடல்பூதம்கூட இல்லை என்று தோழிக்குக் கடிதம் எழுதினார்.

கப்பல் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் கப்பல்கள் தெரிந்தன. வரைந்தவரே மேலே பூசி மறைத்திருக்கிறார். ஒரு பாய்மரம் இருந்தால் போதும், கண் அதைப் பிடித்துக்கொண்டு தூரத்தை அளந்துவிடும். அந்தப் பிடியைத்தான் எடுத்துவிட்டார். 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தபோது, கண்ணிமைகளை அறுத்துவிட்டாற்போல இருக்கிறது என்று ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதினார். (அசல் 171 செ.மீ. அகலம். கைப்பேசியில் இமைக்கு ஒன்றும் ஆகாது.) அந்தக் காலியிடத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் பிரஷ்ய அரசர் என்பதை ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

நம்மூர்க் கடலில் இது எளிதில் கிடைக்காது. பினாங்கின் எஸ்பிளனேட் கடற்கரையில் நின்றால் கப்பல்கள், எதிர்க்கரை, வானம் தெளிந்த நாளில் ஜெராய் மலை என்று எதிலாவது கண் தட்டும். போன மாதம் ஒரு விடிகாலை, மழை வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. சுவரோரம் ஒருவர் எனக்கு முதுகு காட்டித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நைலான் நரம்பு நாலு முழம் வரை தெரிந்தது, அதற்குமேல் வெறும் வெள்ளை. கிளைஸ்ட் மிகைப்படுத்தவில்லை என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

அதற்குள் அவர் திரும்பி, “மீனே இல்லண்ணே” என்றார். படம் கலைந்துவிட்டது.

மகள் தென்னை மரத்தைப் போட்டுவிட்டாளா? போடாத படம் இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று தெரிய வேண்டும்.