மகன் கையில் ஒரே நிறக் கயிறு, பையில் புது போன்: எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

வாசகியின் கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மூத்தவன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆனி மாதத்தில் இருந்து ஆளே மாறிவிட்டான். கையில் கயிறு கட்டியிருக்கிறான், அவன் கூட்டாளிகள் எல்லார் கையிலும் அதே நிறம்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் 'அண்ணன் கூப்பிடுதான்' என்று போகிறான். எந்த அண்ணன் என்று கேட்டால் எரிந்து விழுகிறான். போன வாரம் கையில் புது போன். கூட்டாளியோடது என்கிறான். அவன் ஆச்சி 'இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்' என்கிறார். நான் பயப்படுவது சரியா? ஸ்டேஷனில் சொன்னால் அவன் படிப்பு போய்விடுமா?

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் நீங்கள் முதலில் எழுதியது கயிற்றை, கடைசியில் எழுதியது போனை. நானாக இருந்தால் போனைத்தான் முதலில் பார்ப்பேன்.

நம் ஊரில் கயிறு இல்லாத கை எது? காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனாலும், திருச்செந்தூர் போனாலும், தெரு அம்மன் கோயில் கொடை (திருவிழா) முடிந்தாலும் கையில் ஒரு கயிற்றோடுதான் வருகிறோம். சாமி கயிறு என்றால் எங்கே கட்டியது, யார் கட்டிவிட்டது என்று கேட்டதும் பதில் வரும். நாளாக ஆக நிறம் மங்கி, நைந்து, தானாக அறுந்துவிடும். இன்னொரு வகைக் கயிறு மங்குவதே இல்லை. மங்குவதற்குள் புதுக் கயிறு வந்துவிடும். அதைக் கழற்றச் சொன்னால் பையனுக்கு வருகிற கோபம், சாமி கயிற்றுக்காக வருகிற கோபம் மாதிரி இருக்காது.

சில வருடம் முன்பு ஒரு பையனை அவன் தாய்மாமா என்னிடம் கூட்டி வந்தார். சித்திரை வெயில். அவன் முழுக்கைச் சட்டையின் பட்டனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைத் தூக்கும்போது சட்டை மேலே ஏறியது. மணிக்கட்டில் கயிறு இல்லை, வெயில் படாத வெளுத்த தடம் மட்டும் வளையல் மாதிரி இருந்தது. பள்ளியில் கழற்றச் சொல்வார்கள் என்று காலையில் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு, சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் கட்டிக்கொள்வானாம். ஒருநாள் கட்ட மறந்து போனதற்கு அவன் கூட்டத்து ஆளே அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். மாமா கேட்டு அவன் சொல்லாததை, அந்தத் தடத்தைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னான். அதனால் கயிறு இருக்கிறதா என்பதைவிட, அதைக் கழற்ற அவனுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பேச்சைச் சாதியைத் தொடாமல் பேச முடியாது. மற்ற ஊர்களில் தெருவாலோ பணத்தாலோ சேரும் கூட்டம், இங்கே பள்ளிக்கூட வாசலில் சாதியால் சேருகிறது. மின்கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில், கபடிப் பனியனில் எந்த நிறம் யாருடையது என்று, எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதாகப் பிடிபட்டவர்கள், அதே பள்ளியில் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் நிறக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்கள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அந்தச் சம்பவத்தில் எல்லாத் தாய்மாரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெட்டுப்பட்ட பையன் அதற்கு முன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் பள்ளியை வெறுத்தாலோ, வழக்கமான பஸ்ஸை விட்டு வேறு பஸ்ஸில் போனாலோ, டவுனைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாலோ, அவன் ஒரு கூட்டத்தில் இருக்கலாம், அல்லது ஒரு கூட்டத்துக்குப் பயந்தவனாக இருக்கலாம். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். என்னிடம் வந்த பையன்களில் பலர், பயந்தவனாக இருந்து பிறகு கூட்டத்தில் சேர்ந்தவர்கள். பஸ்ஸில் யாரோ அடித்தார்கள், எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கேவலப்படுத்தினார்கள், வீட்டில் சொன்னால் 'நீ என்ன செஞ்சே' என்று திரும்ப இவனையே கேட்டார்கள். அந்த நேரத்தில் இருபத்தைந்து வயது ஆள் ஒருவர் பைக்கை நிறுத்தி, "எவம்ல உன்னைத் தொட்டது? எங்கிட்ட சொல்லு" என்று தோளில் கை போடுகிறார். வீட்டில் கிடைக்காத ஒரு வார்த்தை அங்கே கிடைக்கிறது. அண்ணன் என்ற உறவு அன்றைக்குத் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு வருவது புரோட்டா, பெட்ரோல், செருப்பு, போன். இதை நன்றாகக் கவனியுங்கள். வேலைக்குப் போகாத பையன் கையில் வருகிற பொருளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார், அந்த ஆள் ஒருநாள் கணக்குக் கேட்பார். முதலில் கேட்பது சின்ன வேலையாகத்தான் இருக்கும். 'இந்தப் பையை அந்தக் கடையில் கொடு', 'அவன் எத்தனை மணிக்கு டியூஷன் விட்டு வாரான்னு பாத்துச் சொல்லு', 'உன் நம்பருக்குக் கொஞ்சம் ஜிபே வரும், எடுத்துக் கொடு'. பையனுக்கு அது குற்றமாகவே தெரியாது. பைக்குள் இருந்தது கஞ்சாவோ அரிவாளோ என்று பிறகுதான் தெரியும். அப்புறம் 'நீயும்தானே கூட இருந்தே' என்ற ஒரு வார்த்தை போதும், அவனால் வெளியே வர முடியாது. தாக்க வேண்டிய ஆள் வரும் நேரத்தைத் தெரிந்தே சொன்னவன் வெட்டியவன் கூடவே வழக்கில் வருவான். இது பையன்களுக்குத் தெரிவதில்லை.

சரி, வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? முடி வெட்டு, கடுக்கன், கிழிந்த ஜீன்ஸ், அம்மாவிடம் எரிந்து விழுவது இவையெல்லாம் வயசுக் கோளாறு. இதில் ஆச்சி சொல்வது சரி. பணம் எங்கிருந்து வருகிறது, போன் வந்ததும் முகம் எப்படி மாறுகிறது, இரண்டையும் பாருங்கள். அந்த அண்ணன் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டில் பாதியில் கை கழுவிவிட்டுப் போகிறானா? கூட்டாளி கூப்பிட்டால் 'இரு, வாரேன்' என்பான், பயப்படுகிற ஆள் கூப்பிட்டால் அப்படிச் சொல்ல வராது. முன்பு வீட்டுக்கு வந்து சோறு தின்ற பழைய சிநேகிதர்கள் இப்போது வருகிறார்களா? வேறு சாதிக் கூட்டாளி ஒருவன் இருந்தானே, அவன் என்ன ஆனான்? இந்தக் கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் முதலில் அறுவது அந்தச் சிநேகிதம்தான்.

இன்ஸ்டாகிராமையும் பாருங்கள். சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு அரிவாளைக் காட்டும் ரீல்ஸ், வாளால் கேக் வெட்டும் பிறந்தநாள், இறந்தவர் படத்தைப் போட்டு 'பழிக்குப் பழி' என்று எழுதுவது விளையாட்டில்லை. நெல்லைப் போலீஸ் இதற்கு வழக்குப் போடுவதை அடிக்கடி செய்தியில் படிக்கிறோம். 'சம்பவம்' (தாக்குதல்), 'ஸ்கெட்ச்' (அதற்கான திட்டம்) மாதிரி வார்த்தைகள் சினிமா பார்த்த எல்லாப் பிள்ளை வாயிலும் வரும். அதை ஒரு ஆளின் பெயரோடும் நேரத்தோடும் சேர்த்துப் பேசினால் அன்றைக்கே எழுந்திருங்கள்.

அரிவாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழை வெட்ட, தேங்காய் வெட்ட, புல் அறுக்க நம் வீடுகளில் அரிவாளும் பன்னருவாளும் இருப்பது சகஜம். தோட்ட வேலைக்கு ஆகாத நீளத்தில் ஒன்று கட்டிலுக்கு அடியிலோ, மாட்டுக் கொட்டகைக் கூரையிலோ இருந்தால் அது வேறு. அதைக் கழுவாதீர்கள், ஆற்றில் போடாதீர்கள். ஒரு அம்மா அப்படித்தான் பயத்தில் தாமிரபரணியில் வீசிவிட்டார். பையன் உண்மையில் ஒன்றும் செய்திருக்கவில்லை என்று காட்ட இருந்த ஒரே சாட்சி அதோடு போயிற்று. குற்றத்தில் பயன்பட்டது என்று தெரிந்தே ஒளித்தால் உங்கள் மீதும் வழக்கு வரும்.

பேசும்போது கயிற்றில் தொடங்காதீர்கள். கயிற்றைத் தொட்டால் பேச்சு சாதி, மானம் என்று போய்விடும், நீங்கள் தோற்றுப் போவீர்கள். போனையும் உடைக்காதீர்கள். அது வேறொருவர் பொருள், உடைத்தால் அந்தக் கடன் அவன் தலையில் விழும். சாப்பிட்டு முடித்து, தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு, 'உன்னை யாரும் அடிச்சாங்களா மக்கா?' என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் நாள் பதில் வராது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வரும். வந்தால் கத்தாதீர்கள், அழாதீர்கள். அவன் அப்பாவிடம் நீங்கள் முன்கூட்டியே பேசிவையுங்கள். வீடியோ காலில் அவர் 'தோலை உரிச்சுப்புடுவேன்' என்று ஒரு தடவை சொன்னால் போதும், அவன் வாய் மறுபடி திறக்காது.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் 'அந்தத் தெருக்காரனுக்கு இவ்வளவு ஏத்தமா' என்று பேசுவது உண்டா? கொடையில் நடந்த பழைய வெட்டுக் குத்தைச் சித்தப்பா வீரக் கதையாகச் சொல்வது உண்டா? அண்ணன் சொல்லிக்கொடுப்பதாக நாம் நினைப்பதில் பாதியைப் பிள்ளை நம் திண்ணையில்தான் கேட்டிருக்கும். அதை நிறுத்தாமல் அவனை மட்டும் திருத்த முடியாது.

போலீஸ் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். பையன் இதுவரை எதிலும் மாட்டவில்லை என்றால், நீங்கள் தகவல் சொல்வதால் மட்டும் அவன் மீது வழக்கு வராது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயக்கமாக இருந்தால் 1098-க்குப் பேசுங்கள், அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். பள்ளியில் நடக்கும் மிரட்டலுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவன் குழந்தைதான். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. ஆனால் கொலை மாதிரிக் கொடுங்குற்றம் என்றால், பதினாறு முடிந்தவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் பரிசீலிக்க வழி இருக்கிறது. 'மைனர்தானே, ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தால் அது பொய். உங்கள் மகனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த அண்ணனுக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்: குழந்தையைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிற பெரியவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 95-ஆம் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. பையன்களை ஏன் முன்னால் விடுகிறார்கள் என்று அவனே யோசிக்கட்டும்.

பைக் கொடுத்து ஓட்டவிட்டிருந்தால் அதையும் லேசாக எடுக்காதீர்கள். பதினெட்டு முடியாதவன் பொது ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

திருப்பூர் பெரியப்பா வீட்டுக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடலாமா என்று அடுத்து நினைப்பீர்கள், எல்லாரும் நினைப்பதுதான். உயிருக்கு மிரட்டல் இருந்தால் அனுப்புங்கள், பள்ளி மாற்றத்தோடு அனுப்புங்கள். படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பினால், கொடைக்கு ஊருக்கு வரும்போது கையில் காசோடு நேரே அந்த அண்ணனிடம்தான் போவான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது அந்த போன்தான். அதில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டிவிடும். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலோ அவன் ஜிபேயிலோ தெரியாத பணம் வந்து போயிருந்தால் அந்தத் தேதிகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள். போனைத் திருப்பிக் கொடுக்க நீங்களோ அவனோ தனியாக அந்த ஆளிடம் போக வேண்டாம். குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் போகும்போது தாளையும் போனையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அவன் தாய்மாமாவையோ, அவன் மதிக்கிற வாத்தியார் யாராவது இருந்தால் அவரையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள்.