வரைபடம் கேள்வி கேட்கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைத் துணிப்பையில் அச்சிட்டோம். 'அழகாக இருக்கிறது' என்று வாங்கிப் போகிறார்கள். நடைபாதை, வடிகால் பற்றிப் பேச்சு எழும் என்று எதிர்பார்த்தோம்; எழவில்லை. ஏன்?

பதில்: பையில் எல்லாமே இருப்பதுதான் காரணம். முழுமையான வரைபடத்தில் பார்ப்பவருக்கு வேலை எதுவும் இல்லை. தன் தெருவைத் தேடுவார், கண்டுபிடிப்பார், அதோடு சரி. ஒரு பொருளுக்கு ஒரே கேள்வி என்று முடிவு செய்யுங்கள். அந்தக் கேள்விக்கு உதவாத கோடுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

1748இல் ஜியாம்பட்டிஸ்டா நோல்லி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரோம் நகரின் வரைபடத்தை 12 செப்புத் தகடுகளில் செதுக்கி வெளியிட்டார். கட்டடங்களைக் கருமையாக நிரப்பி, தெருக்களையும் சதுக்கங்களையும் வெள்ளையாக விட்டார். தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவின் தொடர்ச்சி போல வெள்ளையாகவே காட்டினார். மக்கள் எங்கெல்லாம் நுழையலாம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதே வழியில் உங்கள் வட்டாரத்தை வரையுங்கள்: காசு கொடுக்காமல் யாரும் உட்காரக்கூடிய இடம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கருப்பு. வெள்ளை எவ்வளவு குறைவு என்று கண்ணில் பட்டதுமே வாக்குவாதம் தொடங்கும்.

துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது 0.5 மி.மீ.யைவிட மெல்லிய கோடு நெசவில் உடைந்துவிடும். கருப்புக்குள் விடும் வெள்ளைக் கோடு 1 மி.மீ.க்குக் குறைந்தால் மை கசிந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பையோடும் ஏ6 அளவில் (105 x 148 மி.மீ.) ஓர் அட்டை வையுங்கள். அதே வட்டாரத்தின் தெரு வரைபடம் வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், மேலே ஒரு வரி: 'நடந்து போகும்போது எந்த இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது? புள்ளி வையுங்கள்.' அட்டையை எங்கே, எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். தேதி இல்லாத அட்டை திரும்பி வராது.

கேள்வி: தெருவிழாவில் தரையில் விரிக்கும் பெரிய வரைபடம் செய்ய ஆசை. என்ன அளவு, என்ன பொருள்?

பதில்: ஏறி நடக்கும் வரைபடத்துக்கு 1:250 நல்ல அளவை. 1 கி.மீ. நீளம் 4 மீட்டராகும். 10 மீட்டர் அகல வீடு 4 செ.மீ. வரும். 1:1000க்குப் போனால் அதே வீடு 1 செ.மீ.தான். நின்றபடி பார்ப்பவரால் தன் வாசலைக் கண்டுபிடிக்க முடியாது. வாசலைக் காணாதவர் குனிந்து எதையும் குறிக்கவும் மாட்டார்.

எழுத்து உயரம் குறைந்தது 1 செ.மீ. கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகள் சிறிதானால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், ஆகவே வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். தெருப் பெயரோடு மக்கள் வாயில் புழங்கும் பெயரையும் போடுங்கள்.

பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேண்டாம். ஈரம் பட்டால் வழுக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், மார்க்கர் மையும் சரியாகப் பிடிக்காது. மேட் பரப்புள்ள தடித்த வினைல் நல்லது. துண்டுகளாக அச்சிட்டால் 2 செ.மீ. மேற்பொருந்தல் விடுங்கள். இணைப்பு முக்கியச் சந்திப்பின் மேல் விழக்கூடாது. எல்லோரும் கூடும் இடமும் முதலில் கிழியும் இடமும் அதுவாகவே இருக்கும். கால் தடுக்காதபடி ஓரங்களை முழு நீளத்துக்கும் டேப்பால் ஒட்டுங்கள்.

விரிக்கும்போது வரைபடத்தின் வடக்கு நிஜமான வடக்கைப் பார்க்கட்டும். மேடைக்கு நேராக இருக்க வேண்டும் என்று திருப்பிவிடுகிறார்கள். அப்போது வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியும் கோபுரம் படத்தில் இடப்பக்கம் வரும், பாதிப் பேர் குழம்பிப் போவார்கள்.

இன்னொரு பிழை கணினியில் நடக்கிறது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் ஒரு முறை) அப்படியே அச்சிட்டால் அளவை பொய்த்துவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரம் நீண்டு தெரியும். 60 பாகை அட்சரேகையில் இரண்டு மடங்கு. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு (தூரத்தை மீட்டரில் ஏறக்குறையச் சரியாகக் காட்டும் வீழல்) மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். '1:250' என்ற எண்ணோடு அளவுக்கோட்டையும் வரைந்துவிடுங்கள். அச்சகத்தில் படத்தைச் சுருக்கினால் எண் தவறாகும், கோடு சேர்ந்தே சுருங்குவதால் சரியாக இருக்கும்.

கேள்வி: கூகுள் மேப்பைப் படமெடுத்து அச்சிடலாமா?

பதில்: விற்பனைப் பொருளில் அச்சிட அதன் விதிமுறை இடம் தராது. திரையிலிருந்து எடுத்த படம் பெரிதாக்கினால் மங்கவும் செய்யும். 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுத்து நீங்களே வரைந்தால் விற்கலாம். ஆனால் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற நன்றிக் குறிப்பு கட்டாயம். அந்தத் தரவைத் திருத்திப் பொதுவில் பயன்படுத்தினால், திருத்திய தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். அச்சுக்கு முன் ஒரு முறை நடந்து சரிபாருங்கள். சந்துகளும் படிக்கட்டுகளும்தான் அதிகம் விடுபட்டிருக்கும்.

கேள்வி: வரைபடத்தில் பிரச்சினை உள்ள இடங்களைக் குறிக்கப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்தோம். எல்லாம் ஒரே சந்திப்பில் குவிந்துவிட்டது. அங்கேதான் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஒட்டிய நாலு பொட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒட்டியிருப்பார்கள். முதலில் ஒவ்வொருவர் கையிலும் ஏ4 வரைபடம் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள், பிறகு பெரிய படத்துக்கு வரட்டும். ஆளுக்கு மூன்று பொட்டுகள் போதும். 8 மி.மீ. பொட்டு 1:2000 வரைபடத்தில் 16 மீட்டரை மறைக்கும். தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை போன்றவற்றைக் குறிக்க அது ஆகாது. பொட்டின் மேல் எண் எழுதி, அதே எண்ணோடு ஒரு சீட்டில் காரணத்தை எழுதி வாங்குங்கள். காரணம் இல்லாத பொட்டை எந்த அலுவலகத்திலும் காட்டிப் பேச முடியாது. பச்சை–சிவப்பு ஜோடியைத் தவிருங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நீலமும் ஆரஞ்சும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: குறித்ததெல்லாம் சேர்ந்துவிட்டது. அடுத்து?

பதில்: பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன, அது எங்களுக்கு வருத்தம் தரும் விஷயம். வரைபடத்தை நேர் மேலிருந்து படமெடுங்கள். கியூஜிஐஎஸ்-இன் ஜியோரெஃபரன்சரில் (படத்தை நிஜ இடங்களோடு பொருத்தும் கருவி) மூலைகளுக்கு அருகே நான்கு சந்திப்புகளையும் நடுவில் ஒன்றையும் பொருத்துங்கள், பிறகு புள்ளிகளைப் பதியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண், இடம், காரணம், எந்தத் துறையின் பொறுப்பு என அட்டவணையில் நான்கு பத்தி. துறைவாரியாகப் பிரித்துத் தனித்தனி மனுவாகக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொரு துறையும் மற்றதைக் கைகாட்டும். யார் எங்கே வசிக்கிறார், எந்த வீட்டைப் பற்றிப் புகார் சொன்னார் என்பதை வெளியிடும் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆறு வாரத்துக்குள் அதே இடத்தில் இரண்டாவது வரைபடத்தை வையுங்கள்: சரிசெய்யப்பட்டவை நிரப்பிய வட்டம், பதில் வந்தவை பாதி வட்டம், பதிலே வராதவை வெற்று வட்டம். எல்லாமே வெற்று வட்டமாக இருந்தாலும் வைத்தே ஆக வேண்டும்.